துண்டு போட்ட சீட்டும் பிரிவுப் பாட்டும்: வாசகர் கேள்வி–பதில்

காதல் முடிந்த பிறகும் விட்டுப்போகாத நினைவுகளைப் பாடும் மெதுவான பாட்டுகளை எழுதுவது, மெட்டமைப்பது, பாடிப் பதிவு செய்வது குறித்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

நண்பர் ‘தான தான தான தான’ என்று மெட்டுக் கொடுத்தார். ‘நினைவுகள் வலிக்குது மனசுக்குள்ளே’ என்று எழுதிக் கொடுத்தேன். படிக்க நன்றாக இருக்கிறது, பாடினால் இழுக்கிறது என்கிறார். எங்கே தவறு?
– வாசகர், அரூர்

இரண்டு இடத்தில். முதலில் கணக்கைப் பார்ப்போம். ‘தான’ என்றால் ஒரு நெடில், ஒரு குறில். மாத்திரையில் 2, 1. ஆறு எண்ணிக்கை நடையில் இரண்டு ‘தான’ சேர்ந்தால் ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, முடிந்துவிடும். உங்கள் ‘நினைவுகள்’ குறில் குறிலாக ‘தனதன’ என்று ஓடுகிறது. அதை அந்த மெட்டில் உட்கார வைக்க வேண்டுமென்றால் பாடகர் ‘நீனை வூகள்’ என்றுதான் பாடியாக வேண்டும். ‘மனசு’ம் ‘மானசு’ ஆகிவிடும். குறிலை இழுத்தால் சில நேரம் அர்த்தமே கெடும்: மனம் மானமாகும், படம் பாடமாகும். நெடில் இடத்துக்கு நெடில் கிடைக்கவில்லையா, ஒற்றோடு சேர்ந்த குறிலைப் போடுங்கள். ‘ஜன்’, ‘துண்’, ‘கண்’ எல்லாம் அந்த இடத்தைத் தாங்கும்.

இந்த மெட்டுக்கு இப்படி ஒரு வரி எழுதலாம்:

*ஜன்னல் ஓரம் காலி சீட்டு,*
*துண்டு போட்டேன் யாருக் காக?*

ஒவ்வொரு சொல்லையும் ‘தான’வின் மேல் வைத்துப் பாருங்கள். ‘போட்டேன்’ என்பதில் ‘டேன்’ குறில் இடத்தில் உட்கார்ந்த நெடில்தான். சொல்லின் கடைசி எழுத்து என்பதால் சுருக்கிப் பாடினால் உறுத்தாது. சொல்லின் நடுவில் இப்படி வந்திருந்தால் மாற்றச் சொல்லியிருப்போம்.

இரண்டாவது தவறு விஷயத்தில். ‘நினைவுகள் வலிக்குது’ என்பது செய்தி. கேட்பவர் ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அரூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது எல்லோரும் செய்கிற வேலை. இனி வராத ஒருத்திக்காகக் கை தன்பாட்டில் அதைச் செய்கிறது என்றால், வலி என்ற சொல்லே வேண்டியதில்லை. சரணத்தில் ‘நினைவு’, ‘கண்ணீர்’, ‘காயம்’ மூன்றையும் தடை செய்துவிட்டு எழுதிப் பாருங்கள். பல்லவியில் ‘நினைவு’ ஒரு முறை வந்தால் போதும்.

எழுதும்போது மெட்டை போனில் பதிவு செய்து, எங்கே சுரம் நீள்கிறது என்று ‘தான தான’ தத்தகாரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நீளும் இடத்தில் ஆ, ஓ, ஏ வரட்டும். மேல் ஸ்தாயியில் ஈ, ஊ வந்தால் வாய் குறுகி, குரல் கீச்சென்று போகும். ‘சீட்டு’, ‘பாட்டு’ மாதிரி முடியும் சொற்களின் கடைசி உகரத்தை நீட்டவே முடியாது. சட்டென்று முடிகிற வரிக்கு மட்டும் வையுங்கள். மேலே உள்ள இரண்டாம் வரியில் நீட்ட வேண்டிய இடம் ‘கா’. எதுகை மோனைக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். மெதுவான பாட்டில் காதுக்கு முதலில் எட்டுவது வரிக் கடைசியில் வரும் இயைபுதான்.

பிரிவுப் பாட்டில் மழை கட்டாயமா?
– வாசகி, காரிமங்கலம்

நம் பக்கத்து வானத்தை நம்பியா பாட்டு எழுதுவது! மழை வேண்டாம். தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். அது காதல் பாட்டு அல்ல, நட்பின் இழப்பு. ஆனால் தொழில் நுணுக்கம் அப்படியே உதவும். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்று, இருந்தவன் வழக்கமாகச் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். புலம்பல் அப்புறம்தான் வருகிறது. உங்கள் சரணத்துக்கு, பிரிந்து போனவர் வழக்கமாகச் செய்த மூன்று காரியங்களை எழுதுங்கள். டீயில் பாதியை டம்ளரோடு நகர்த்தி வைப்பது போன்ற சின்ன விஷயங்கள் போதும்.

கீபோர்டில் சொந்தமாக மெட்டுப் போடுகிறேன். சோகம் வர வேண்டிய இடத்தில் தாலாட்டு மாதிரியோ குதூகலமாகவோ போய்விடுகிறது. எந்த ராகம், எந்த கார்டு, என்ன வேகம்?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

வேகத்தை முதலில் பூட்டுங்கள். இந்த வகைப் பாட்டுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு பொருந்தும். 72 வசதியான எண்: நாலு தட்டுப் பாராக நிமிடத்துக்கு 18 பார், 4 நிமிடப் பாட்டுக்கு 72 பார். பிரித்துக்கொள்ள ஒரு வழி: முன்னிசை 4, பல்லவி 8, இடையிசை 8, முதல் சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் சரணம் 16, பல்லவி 8, முடிப்பு 4. இடையிசை 8 பாரைத் தாண்டினால் போனில் கேட்பவர் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவார்.

ராகத்தில் மூன்று வழிகள் பார்க்கலாம். நடபைரவி, அதாவது 20ஆவது மேளம் (ஏழு சுரத் தாய் ராகம்), மேற்கத்திய இயல்பு மைனருக்குச் சமம். பாப் பாட்டுக்கு இதுதான் பத்திரமான தரை. 21ஆவது மேளமான கீரவாணியில் நிஷாதம் அரைச் சுரம் ஏறும், ஏக்கம் கூர்மையாகும். சிவரஞ்சனியில் ஐந்தே சுரம். நாலு பாரிலேயே அழ வைக்கும், நாற்பது பார் வரை தாங்காது. அதைப் பல்லவிக்கு மட்டும் வைப்பது நல்லது என்பது எங்கள் கட்சி.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசைக்கு ஏ மைனர், எஃப் மேஜர், சி மேஜர், ஜி மேஜர் என்று பாருக்கு ஒன்றாக ஆரம்பியுங்கள். குதூகலம் எங்கிருந்து வருகிறது என்றால், இதே நாலு கார்டை சி மேஜரில் தொடங்கி, மெட்டையும் சி சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் காது அதையே வீடாக எடுத்துக்கொள்ளும். பாட்டு சிரித்துவிடும். பல்லவியின் கடைசிச் சுரம் ஏ அல்லது ஈ ஆக இருக்கட்டும். கீரவாணிச் சாயல் சேர்க்கிறீர்கள் என்றால் ஜி ஷார்ப் வரும். அந்த இடத்தில் அடியில் ஜி மேஜர் பிடித்தால் ஜியும் ஜி ஷார்ப்பும் உரசும். அங்கே ஈ மேஜருக்கு மாறுங்கள்.

தாலாட்டு ஆவதற்குக் காரணம், பெரும்பாலும் மெட்டு ஒரே மூன்று நாலு சுரத்துக்குள் ஏறி இறங்கி, ஒவ்வொரு வரியும் ஒரே நீளத்தில் முடிவது. இரண்டு வரி சமமாகப் போனால் மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, ஒரு பார் சும்மா விடுங்கள். பாட்டின் உச்சச் சுரத்தை முதல் பல்லவியிலேயே தொட்டுவிடாதீர்கள். அது இரண்டாம் சரணத்தின் கடைசி வரியில் ஒரே ஒரு முறை வந்தால் போதும். தாள வாத்தியத்தையும் அதுவரை பிடித்து வைக்கலாம்.

ஒரு கட்டை சுதியில் எனக்காகப் போட்ட பாட்டை என் மனைவி பாடப் போகிறார். எத்தனை கட்டைக்கு மாற்ற?
– வாசகர், கிருஷ்ணகிரி

ஆண்களுக்கு 1 முதல் 2 கட்டை, பெண்களுக்கு 5 முதல் 6 கட்டை என்பது பொது வழக்கம். ஆனால் அவர் குரலை அளந்துவிட்டு மாற்றுங்கள். பாட்டின் மிகக் கீழ்ச் சுரத்தையும் மிக மேல்ச் சுரத்தையும் மட்டும் பாடச் சொல்லுங்கள். கீழே காற்றாகப் போகிறதா, சுதியை ஏற்றுங்கள். மேலே கத்துகிறாரா, இறக்குங்கள். 1 கட்டை என்பது சி, 5 கட்டை என்பது ஜி. கீபோர்டின் டிரான்ஸ்போஸில் (சுதி மாற்றும் வசதி) 7 அரைச் சுரம் ஏற்றினாலும் 5 இறக்கினாலும் ஜிதான் வரும். இறக்கினால் இடது கை கார்டுகள் கீழே போய்க் குழம்பும். அந்த இடது கையை ஒரு ஸ்தாயி மேலே நகர்த்தி வாசித்துவிடுங்கள். ஏற்கெனவே பதிவான டிராக்கை இயந்திரத்தால் இவ்வளவு நகர்த்த வேண்டாம். இரண்டு அரைச் சுரத்தைத் தாண்டினால் கிதாரும் வயலினும் ரப்பர் மாதிரி ஒலிக்கும். திரும்ப வாசிப்பதே வழி.

தகரக் கூரை போட்ட மாடி அறை. பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்தில். வீட்டிலேயே குரல் பதிவு செய்ய முடியுமா?
– வாசகர், சூளகிரி

முடியும், மைக் தேர்வில் கவனம் வேண்டும். கண்டென்சர் மைக் மெல்லிய ஒலியையும் எடுக்கும்; கேபிள் வழியே 48 வோல்ட் பேன்டம் மின்சாரமும் கேட்கும். உங்கள் அறையில் அது லாரியைத்தான் அழகாகப் பதிவு செய்யும். டைனமிக் மைக் வாங்கி, வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். அதைவிட நெருங்கினால் அடித்தொண்டை ஒலி பெருகிக் குரல் குடத்துக்குள் பேசுவது போலாகும். நேருக்கு நேர் வைத்தால் ‘ப’வும் ‘ப்ப’வும் வெடிக்கும்.

இந்த மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கத்தை நன்றாகக் கேட்டு, முதுகுப் பக்கத்தைக் குறைவாகக் கேட்பவை. அதனால் மைக்கின் முதுகு சாலை ஜன்னலைப் பார்க்கட்டும். அப்போது மைக்கின் முகம் பாடுபவரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்க்கும். கம்பளியைத் தொங்கவிட வேண்டியது அந்தச் சுவரில். பலரும் மைக்குக்குப் பின்னால் மட்டும் தொங்கவிட்டு, எதிரொலி போகவில்லை என்று நொந்துகொள்கிறார்கள். தலைக்கு மேலே தகரத்தின் அடியில் இரண்டு மெத்தை விரிப்பைக் கட்டுங்கள். வெயிலில் தகரம் விரிந்து ‘டக் டக்’ என்னும், சூரியன் இறங்கியதும் சுருங்கியும் சத்தம் போடும். அது அடங்கிய இரவு நேரமே உங்களுக்குத் தோது. மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் ‘ஙொய்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் போய்விடும்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். சத்தமான வரியில் அளவுமானி −12 டெசிபலுக்கும் −6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். 0வைத் தொட்டால் கிழிந்த குரலைத் தைக்க முடியாது. லாரியின் உறுமலை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். எதிரொலியை அறையிலிருந்து எடுக்காமல் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்: அது அடங்கும் தேய்வு நேரம் 2 நொடி அளவில், தொடக்கத் தாமதம் 40 முதல் 60 மில்லிநொடி. அந்தத் தாமதம் இருந்தால்தான் சொல் தெளிவாகக் கேட்டு, பின்னால் வால் நீளும். இல்லையென்றால் ழகரமும் ளகரமும் கரைந்துவிடும். முடிந்த பாட்டின் சராசரிச் சத்தத்தை −14 எல்யுஎஃப்எஸ் அளவில் விட்டால் பெரிய ஸ்ட்ரீமிங் தளங்கள் அதிகம் கைவைக்காது.

உணர்ச்சி வர வேண்டுமென்று அழுதுகொண்டே பாடினேன். கேட்டால் சுதி இல்லை.
– வாசகி, ஊத்தங்கரை

அழும்போது தொண்டை இறுகும், மூச்சு துண்டு துண்டாகும், சுதி இறங்கும். மூச்சு எடுக்கும் இடத்தை வரியில் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துப் பாடுங்கள். வரியின் கடைசிச் சொல்லில் மட்டும் கொஞ்சம் காற்றைக் கலந்துவிடுங்கள். கேட்பவருக்கு அது போதும். நாலைந்து முறைக்கு மேல் ஒரே இரவில் பாடாதீர்கள். எடுத்ததை மறுநாள் காலையில் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

நான் எழுதிய வரிகளுக்கு நண்பர் மெட்டுப் போட்டார். பாட்டு அவர் பெயரில் மட்டும் வெளியாகிவிட்டது. எனக்கு உரிமை உண்டா? எங்கும் பதிவு செய்யவில்லை.
– வாசகர், பென்னாகரம்

உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் தனித்தனி உரிமை. எழுதிய உடனே அது பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, வழக்கு என்று வந்தால் சான்றாக உதவும். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ‘எடுத்துக்கோ மச்சான்’ என்று வாயால் சொன்னதால் அது அவருடையதாகிவிடாது. ஆனால் நாளை ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்றால் காலத்தையும் இடத்தையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் 5 ஆண்டு, இந்தியா முழுவதும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்.

முதல் வேலையாக, வரிகளை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் மின்னஞ்சலையும் தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள். அப்புறம் நண்பரிடம் பேசி, பாட்டை ஏற்றிய தளத்தில் பாடலாசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வருமானம் வந்தால் பாடல் வரிக்கு இவ்வளவு, மெட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் மறுத்தால் அடுத்தது வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ். அதற்கும் இதே செய்திகளின் நகல்தான் தேவைப்படும் என்பதால், போன் மாற்றும்போது அழிந்துவிடாமல் இன்றே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.