விசுவாசத்துக்காக எதிர்ப்பு வரும்போது பயம் வராதா? கடவுள் காப்பாற்றுவார் என்று எப்படி நம்புகிறீர்கள்?

பயம் வரும். எனக்கு வந்தது. "விசுவாசி பயப்பட மாட்டான்" என்று மேடையில் சொல்வதைக் கேட்டுவிட்டு, தன் கை நடுங்கியதையே பாவம் என்று நினைத்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில், ஷீட் போட்ட இடத்தில் ஞாயிறுதோறும் கூடுகிறோம். பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்த பெண்கள். நான் நாகர்கோவில் பக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது பத்துப் பதினைந்து பேர் படியேறி வந்தார்கள். மதம் மாற்றுகிறீர்கள் என்று ஒரே சத்தம். பாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், கீபோர்டைத் தள்ளிவிட்டார்கள், செல்போனில் எங்கள் முகங்களைப் படம் பிடித்தார்கள். 7 வயது மகள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இயேசப்பா" என்பதைத் தவிர ஜெபம் வரவில்லை. போகும்போது படிக்கட்டுக்குக் கீழே கிடந்த எங்கள் செருப்புகளை அள்ளிச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனோம்.

அந்த வாரம் தூக்கமே இல்லை. ஒரு ராத்திரி 56ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." எத்தனையோ தடவை படித்த வசனம்தான். அதைப் பாடிய தாவீதுக்கும் பயப்படுகிற நாள் ஒன்று இருந்திருக்கிறதே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, கடவுள் காப்பாற்றுவாரா? அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஏரோது ராஜா, இயேசுவின் சீடரான யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிடுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து வெளியே கூட்டிப்போகிறான். யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? ஏன் ஒருவர் தப்பினார், ஒருவர் தப்பவில்லை என்று வேதம் சொல்லவே இல்லை. ஆனால் யாக்கோபு செத்த செய்தி தெரிந்த பேதுரு, இரண்டு சங்கிலியோடு இரண்டு சேவகருக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தார். தூதன் விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. விடுதலை வருவதற்கு முன்பே அந்தத் தூக்கம் வந்துவிட்டது. நான் கேட்பது அந்தத் தூக்கத்தைத்தான். பாபிலோனில் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும், தேவன் விடுவிப்பார் என்றதோடு ராஜாவிடம் "விடுவிக்காமற்போனாலும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்களே, அதையும்.

எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்ல வேண்டும். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், இவர் மனம் உடைந்திருந்த சமயத்தில் வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவிக்கிற யோபுவின் கதையைச் சொன்னார். யோபுவுக்கு "எனக்கு ஏன் இது" என்பதற்குக் கடைசிவரை பதில் கிடைப்பதில்லை. அதைக் கேட்டுத்தான் இவர் கிறிஸ்துவிடம் வந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று பாட்டி சொல்வாள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் போப் அவரைப் புனிதராக அறிவித்த அன்று, கத்தோலிக்கர் அல்லாத சி.எஸ்.ஐ. குடும்பமான எங்கள் வீட்டிலும் அம்மா கண்ணீர் விட்டாள்.

போலீசுக்குப் போவது விசுவாசக் குறைவா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. பவுல் பிலிப்பியில் தான் ரோமன் குடிமகன் என்று சொல்லி நியாயம் கேட்டார். பின்னால் ரோமப் பேரரசனான இராயனிடம் அப்பீல் செய்தார். தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பியும் ஓடினார். நமக்கு மத சுதந்திரம் தரும் அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு இருக்கிறது. புகார் எழுதிக் கொடுத்தோம், அரைநாள் காத்திருந்து ரசீதும் வாங்கினோம். அப்புறம், வருவதை நிறுத்திவிட்ட இரண்டு சகோதரிகள் வீட்டிலேயே ஜெபிக்கிறார்கள். அவர்களைக் கோழை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எனக்குப் பயத்தைவிடக் கஷ்டமாக இருந்தது வெறுப்பு. ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவர் மகன்கள் 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்தார். வழக்கு அதுபாட்டுக்கு நடந்தது. அவரோ 2004 வரை அங்கேயே இருந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். நான் அந்த அளவுக்கு வரவில்லை. வந்தவர்களில் ஒரு பையன் எங்கள் தெருமுனைக் கோழிக்கடையில் நிற்பான். மாதக்கணக்கில் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். பெயர் தெரியாது என்பதால் "அந்தச் சிவப்பு பனியன் தம்பி" என்று சொல்லி ஜெபிக்கிறேன். முதலில் வாய்தான் சொன்னது. இப்போது கொஞ்சம் மனசும் சொல்கிறது.

அடுத்த ஞாயிறு வழக்கமாக வரும் நாற்பது பேரில் 11 பேர் வந்தோம். வீட்டு ஓனர் அம்மா கன்னடக்காரர், தினமும் துளசிக்குப் பூஜை செய்கிறவர். படிக்கட்டின் கீழே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க மேல போங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றார். செருப்பை இன்றைக்கு மட்டும் மேலே கொண்டுபோய்விடலாமா என்று யாரோ கேட்டார்கள். எங்கள் சபையிலேயே வயதான பாட்டி நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஆராதனை நடக்குற இடத்துக்கு யாராச்சும் செருப்பைத் தூக்கிட்டுப் போவாங்களாடி?"

சாக்கடையிலிருந்து எடுத்துக் கழுவி, அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்த தன் செருப்பை ஓனர் அம்மாவின் பக்கத்தில் கழற்றி விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நாங்களும் கழற்றி விட்டோம்.