தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கக் கட்டடங்கள்: நீங்கள் கேட்டவை, நான் சொல்வது

கோலார் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கையில் எடுத்த சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28 அன்று அரசு நிறுவனமாக இருந்தபோது மூடப்பட்டன. ஆலைக் கூடங்களும் ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) மேலுள்ள இரும்புக் கோபுரங்களும் சயனைட் மேடுகளும் இன்னும் இருக்கின்றன. நான் உரிகத்தில் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீட்டில், வளர்ந்தவன், அப்பா அண்டர்கிரவுண்ட் தொழிலாளி. பழைய கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டுவது வழக்கம் என்பதால், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கார்த்திக், ஓசூர்: அண்ணா, ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

தாராளமாக. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதை சுரங்கத்துக்காகவே போட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையத்தின் பெயர்களே சுரங்கத்தின் பெயர்களைச் சொல்லும். சாம்பியனில் இறங்கி நடங்கள். பெரும்பாலானவை பொதுச் சாலையிலிருந்தே தெரியும். வெயில் ஏறுவதற்கு முன் வந்துவிடுங்கள், நிழல் குறைவு.

தினேஷ், வேலூர்: கேட்டில் கேட்டால் விடமாட்டார்கள். சுவர் ஏறிப் போய் வீடியோ எடுத்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களே, நாங்கள் போனால் என்ன?

தம்பி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இன்னமும் நிறுவனத்தின் சொத்து. அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் குற்றம், சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை காலடி. நூறு வருஷத்துக்கும் மேலாகத் தோண்டிய ஊர் இது. பெரிய ஷாஃப்டுகளுக்குக் கோபுரம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும். ஆனால் காற்றுக்காக இறக்கிய குழிகளும், ஆரம்ப காலத்தில் தோண்டி விட்டுவிட்ட குழிகளும் எத்தனையோ. பலகையோ தகரமோ போட்டு மூடியிருப்பார்கள். மேலே மண் சேர்ந்து உண்ணிச்செடி படர்ந்துவிடும். பலகை மக்கிப் போனது மேலிருந்து பார்த்தால் தெரியாது. புதரின் நடுவே வட்டமாகவோ சதுரமாகவோ செங்கல் கட்டு தெரிந்தால், அல்லது வெயில் நேரத்திலும் தரைக்கு அருகே குளிர்ந்த காற்று பட்டால், வந்த தடத்திலேயே பின்னால் நடங்கள். எட்டிப் பார்க்காதீர்கள். விளிம்புதான் முதலில் சரியும்.

இன்னொன்று, காற்று. மூடிய குழியிலும் தொட்டியிலும் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். வாசனை கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் மயக்கம் வரும். ஒருவர் விழுந்ததும் தூக்கப் போகிறவரும் கூடவே விழுவதுதான் இந்த மாதிரி இடங்களில் நடப்பது. பழைய இரும்புக்கும் தங்க மண்ணுக்கும் ஆசைப்பட்டு இறங்கி இங்கே உயிரை விட்டவர்கள் உண்டு. அவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்கவில்லையா, சாலையில் நின்று பாருங்கள். சுவர் ஏறும் வழியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஷர்மிளா, சென்னை: சயனைட் மேட்டில் ஏறிப் படம் எடுத்தால் விஷம் ஏறுமா?

பெயர் பயமுறுத்துகிறது, உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பாறையை மாவாக அரைத்து, நீர்த்த சயனைட் கரைசலில் ஊறவைப்பார்கள். தங்கம் கரைந்து வரும், அதைத் துத்தநாகத்தால் பிரித்தெடுப்பார்கள். மிச்சமான மாவைக் கொட்டிக்கொண்டே போனதுதான் இந்த மேடுகள், மூன்று கோடி டன்னுக்கும் மேல். சயனைட் வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெருமளவு சிதைந்துவிடும். சிதையாமல் இருப்பது சிலிக்காத் தூள். காற்றுக் காலத்தில் சாம்பல் நிறத்தில் எழுந்து ஊரின் கடைவீதிப் பகுதியான ராபர்ட்சன்பேட்டை வரை வரும். துணி காயப்போட்டால் கொடியிலேயே நரநரவென்று இருக்கும். சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்களின் நுரையீரலைக் கெடுத்ததும் இதே சிலிக்காதான். கர்ச்சீப் கட்டுவதால் பயனில்லை, என்95 முகக்கவசம் வேண்டும்.

மழைநீர் அரித்த பள்ளங்களின் ஓரம் உள்ளே குடைந்திருக்கும், மேலே நின்றால் மொத்தமாக இறங்கும். அடியில் தேங்கிய தண்ணீரில் கை கால் நனைக்காதீர்கள். காற்றடிக்கும் நாளில் மேட்டுப் பக்கமே வேண்டாம். திரும்பியதும் செருப்பை வாசலிலேயே கழற்றிக் கழுவுங்கள். அந்தத் தூளோடு தினமும் வாழ்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. மேட்டைப் படம் எடுக்கிறவர்கள் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முருகன், சேலம்: சுரங்கத்துக்குள் கொஞ்ச தூரமாவது இறங்க வழி உண்டா?

இல்லை. பம்புகள் நின்ற பிறகு தண்ணீர் ஏறிவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், அடியில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். 1965இல் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளைக் கண்டறிந்த ஆய்வு நடந்ததும் அங்கேதான், 2 கிலோமீட்டருக்கும் கீழே.

பிரபு, கோவை: அனுமதியோடு ஒரு கட்டடத்துக்குள் போனால் எதைப் பார்க்க வேண்டும்? தரையை எப்படி நம்புவது?

வைண்டிங் இன்ஜின், அதாவது ஷாஃப்டில் கூண்டை ஏற்றி இறக்கும் எந்திரம், இருந்த அறையைப் பாருங்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய டிரம், அதில் சுற்றிய எஃகு வடம், அதன் முனையில் கூண்டு. இன்ஜினை ஓட்டுகிறவர் கூண்டைக் கண்ணால் பார்க்கவே முடியாது. மணி எத்தனை அடிக்கிறது என்பதையும், ஆழம் காட்டும் டயலின் முள்ளையும் வைத்தே ஆட்களை ஏற்றி இறக்குவார். டயல் மிஞ்சியிருந்தால் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நில்லுங்கள். 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருக்களுக்கே அப்போது மின்விளக்கு கிடையாது.

தரை விஷயம்: துருப்பிடித்த இரும்புத் தகட்டின் மேல் நடக்காதீர்கள், மேலே பெயின்ட் இருந்தாலும் அடியில் அரித்திருக்கும். மாடி வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் எக்காரணம் கொண்டும் கால் வைக்காதீர்கள், உடைந்த துண்டுகளைக் கையால் தொடவும் வேண்டாம். புறா எச்சம் குவிந்த அறையில் தூசியைக் கிளப்பாதீர்கள். இருட்டு மூலையில் பாம்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடங்கள். முக்கியமாக, ஒரு போல்ட்டைக்கூட எடுத்து வராதீர்கள்.

அனிதா, திருச்சி: என்ன கேமரா கொண்டுவரலாம்?

கையில் இருக்கும் போன் போதும். ட்ரோனுக்குத் தனி அனுமதி வேண்டும்.

ஜான்சன், ஆம்பூர்: ஐயா, என் தாத்தா சாம்பியனில் வேலை பார்த்தவர். எனக்குக் கட்டடத்தைவிட அவர் வாழ்ந்த இடம்தான் பார்க்க வேண்டும்.

வாங்க தம்பி. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். மூங்கில் தட்டி வீடுகளில் ஆரம்பித்தது அவர்கள் வாழ்க்கை. சுரங்கத்துக்குள் அழுத்தத்தால் பாறை தானாக வெடித்தால் லைன் முழுக்க வீடு அதிரும், யார் ஷிப்டில் இருக்கிறார்கள் என்று பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததும் இதே மக்கள்தான். இங்கே கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் பார்த்து 'குட்டி இங்கிலாந்து' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பங்களாக்களைத் தாங்கியது லைன் வீடுகள்.

தாத்தாவின் பெயர், எந்த லைன், பழைய அடையாளச் சீட்டு இருந்தால் அதன் எண், இவற்றைக் கொண்டுவாருங்கள். டீக்கடையில் உட்கார்ந்து பெயரைச் சொன்னாலே யாராவது பெரியவர் அடையாளம் சொல்லுவார். அவர்களுக்கு வயதாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். பேசுவதைப் பதிவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திமா, வாணியம்பாடி: குழந்தைகளை அழைத்து வரலாமா அண்ணா?

சாலையோரம், ரயில் நிலையம், தேவாலயம், லைன் வீதிகள் வரை அழைத்து வாருங்கள் அம்மா. மேட்டுக்கும் ஆலைக்கூடத்துக்கும் வேண்டாம். தண்ணீர் கையில் எடுத்து வாருங்கள். சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் போய்விடலாம்.