வன்கூவர் தீவில் முதல் மான் வேட்டை: காடு பிடிபடாத தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோவிலிருந்து நனைமோவுக்கு வந்து ஒரு வருசம் ஆகிறது, துவக்கு லைசென்ஸும் வேட்டைப் பாடநெறியும் முடித்தாயிற்று, நவம்பரில் கறுப்புவால் மானுக்கு முதல் தடவை போக ஆசை, ஆனால் இந்தக் காடு பிடிபடவில்லை, கேட்டால் ஒருத்தரும் இடம் சொல்கிறார்கள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இடம் சொல்லமாட்டார்கள்தான், அதில் கோபிக்க ஒன்றுமில்லை. ஆனால் எப்படித் தேடுவது என்று கேட்டுப்பாருங்கள், மணிக்கணக்கில் கதைப்பார்கள். நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மானைத் தேட முதல், உங்களுக்குக் கால் வைக்க உரிமையுள்ள காணியைத் தேடுங்கள். கனடாவில் காடெல்லாம் அரச காணி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தத் தீவில் முட்டுப்படுவது இங்கேதான். 1880களில் எஸ்குவைமோல்ட் - நனைமோ ரயில் பாதை போடுவதற்காக, தீவின் கிழக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கரை அரசாங்கம் கம்பனிக்குத் தூக்கிக் கொடுத்தது. அதில் பெரும்பங்கு இன்றைக்கும் தனியார் மரக் கம்பனிகளின் காணி. நனைமோவைச் சுற்றி நீங்கள் பார்க்கிற இரும்புக் கேற்றுகளின் கதை இதுதான். சில கேற்றுகள் வார இறுதியில் திறப்பார்கள், காட்டுத்தீ ஆபத்து என்றால் பூட்டிவிடுவார்கள். பொழுதுபடப் பூட்டுகிற நேரம் கேற்றிலேயே எழுதியிருக்கும், அதை முதலில் வாசியுங்கள். காம்பல் ரிவர் நகருக்கு வடக்கேயும் மேற்குக் கரைப் பக்கமும் போனால் அரச காணி நிறைய உண்டு. முதல் வருசத்துக்குத் தூரம் ஓடினாலும் அந்தப் பக்கம்தான் நிம்மதி என்பது என் எண்ணம். பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் அவர்களிடம் கேட்காமல் நுழையவே கூடாது. எல்லைகளைக் காட்டுகிற வேட்டை வரைபடச் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, வீட்டிலேயே சேமித்து வையுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வேட்டை விதிமுறைப் புத்தகத்தில் இந்தத் தீவு அடங்குகிற பிராந்தியம் 1 பகுதியை எடுத்து, நீங்கள் போகிற வலயத்துக்கு எந்தத் தேதி, கலைமான் (கொம்புள்ள ஆண் மான்) மட்டுமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி மான்.

கறுப்புவால் மான் ஊர் சுற்றுகிற சாதி இல்லை. படுக்கப் பற்றை, மேய வெட்டை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை கிடைத்தால் சின்ன இடத்துக்குள்ளேயே காலம் தள்ளும். அதனால் ட்ரக்கில் நாள் முழுக்க ரோட்டு ரோட்டாக ஓடிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு வெட்டையைத் தெரிந்தெடுங்கள். மரம் வெட்டி மூன்று முதல் பத்து வருசமான இடமாக இருக்கட்டும். அதைவிடப் புதிது என்றால் வெறும் கட்டையும் கொப்பும்தான், பதினைந்து தாண்டிவிட்டால் இளமரங்கள் நெருங்கி, கீழே வெயில் விழாமல் புல் பூண்டு செத்துவிடும். இடையில் உள்ள காலத்தில்தான் சலால் என்கிற பற்றைச் செடி, காட்டு பிளாக்பெரி, ஹக்கிள்பெரி எல்லாம் செழித்திருக்கும். பக்கத்தில் பெரிய மரக்காடு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. புயலுக்குப் பிறகு அந்தப் பெரிய மரங்களிலிருந்து தாடி மாதிரித் தொங்குகிற பாசி கீழே விழும், மான் அதைத் தேடி வரும்.

அந்த வெட்டையின் விளிம்பைச் சுற்றி ஒருநாள் துவக்கில்லாமல் ஆறுதலாக நடவுங்கள். குனிந்து கொப்பு நுனிகளைப் பாருங்கள். மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கடித்து இழுக்கும்போது நுனி பிய்ந்து, நார் நாராக நிற்கும். கத்தியால் சரித்து வெட்டினது போலச் சுத்தமாக இருந்தால் அது முயல். பிய்ந்த இடம் இன்னும் பச்சையாக ஈரமாக இருந்தால் புதிது, கபிலமாகிவிட்டால் பழையது. புழுக்கையும் அப்படித்தான், மினுங்கினால் புதிது. கைத்தடி மொத்தமுள்ள ஆல்டர் கன்றுகளில் பட்டை உரிந்து உள்மரம் செம்மஞ்சளாகத் தெரிந்தால், கலைமான் கொம்பு தேய்த்திருக்கிறது. வெட்டையிலிருந்து காட்டுக்குள் பாதை நுழைகிற வாயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

நவம்பர் நடுப்பகுதி நல்ல தெரிவு. இணை சேர்கிற காலம், மற்ற மாதங்களில் பெரும்பாலும் இரவில் நடமாடுகிற பெரிய கலைமான்கள் பிணை (பெண் மான்) தேடிப் பகலிலும் வெளியே வரும். மழையைப் பார்த்து வீட்டில் இருக்கவேண்டாம். தூறலும் பனிப்புகாரும் உள்ள நாளில் இலை சத்தம் போடாது, மானும் பயப்படாமல் நடக்கும். பெருங்காற்றில்தான் பற்றைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். உங்கள் மணம் மானுக்குப் போகக்கூடாது, அதனால் ஒரு சின்னப் போத்தலில் பவுடர் கொண்டுபோய், காற்று எந்தப் பக்கம் என்று அடிக்கடி தூவிப் பாருங்கள். விடியப்புறம் குளிர்காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறினதும் மேலே ஏறும். அதன்படி இடத்தை மாற்றுங்கள். நடப்பதென்றால் நாலு அடி வைத்து நின்று, பார்த்து, திரும்ப நாலு அடி. முழு மானைத் தேடினால் காணமாட்டீர்கள். ஒரு காது, ஒரு கால், குத்தென நிற்கிற மரங்களுக்கிடையில் கிடையாக ஒரு முதுகுக் கோடு, அதைத் தேடுங்கள்.

மரம் ஏற்றுகிற ரோட்டில் கவனம், தம்பி. லொறிக்காரர் ரேடியோவில் கிலோமீற்றர் பலகையைச் சொல்லிக்கொண்டு வருவார்கள், பாரம் ஏற்றி இறங்குகிற லொறிக்கு நீங்கள்தான் ஒதுங்கவேண்டும். செம்மஞ்சள் உடுப்பு இந்த மாகாணத்தில் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். மான் கண்ணுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரியாது, மனிசருக்குத் தெரியும். பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் குளிர் கொன்றுவிடும். போகிற இடம், திரும்புகிற நேரம் இரண்டையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

சுட்ட பிறகு ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் செம்மஞ்சள் நாடாவால் குறித்து, அரை மணித்தியாலம் பொறுங்கள். இடுப்பளவு சலாலுக்குள் விழுந்த மான் பத்தடியிலும் தெரியாது, நாடாதான் வழிகாட்டும். கண்டெடுத்ததும் முதல் வேலை மான் லைசென்ஸை, அதில் சொல்லியிருக்கிறபடி செல்லாததாக்குவது. அப்புறம் குடலை எடுத்து உடம்பை ஆறவிடுங்கள். நாலு கால் சந்தும் முதுகு இறைச்சியும் கட்டாயம் காட்டிலிருந்து வெளியே வரவேண்டும், அது சட்டம். கரடியும் கூகர் என்கிற மலைச்சிங்கமும் உள்ள தீவு, இரத்த மணம் பரவும், அதனால் இருட்டுப்பட முதல் கிளம்புகிற மாதிரிப் பாருங்கள். தனியே தூக்கமுடியாத தூரத்தில் சுடாதீர்கள். சமைக்கும்போது கொழுப்பை முழுக்க வெட்டி எறியுங்கள். மெழுகு மாதிரி வாயில் ஒட்டும், கறியையும் கெடுக்கும்.

இந்த மாதத்துக்குள் மூன்று வெட்டைகளை வரைபடத்தில் குறித்து எனக்கு அனுப்புங்கள். சரிவு எந்தப் பக்கம், காற்று எப்படி வரும், கேற்று யாருடையது என்று இரண்டு பேருமாக இருந்து பார்ப்போம்.