லேட்டக்ஸ் டாப்பர் வாங்குமுன்: முதலில் அடி மெத்தையைப் பாருங்கள்

கேள்வி: என் வயது 43, எடை 62 கிலோ. ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். எங்கள் மெத்தை நல்ல கெட்டி. தோளும் இடுப்பெலும்பும் அழுந்தி வலிப்பதால் இரவெல்லாம் புரண்டுகொண்டே இருக்கிறேன். காலையில் கீழ்முதுகு இறுகிக் கிடக்கிறது, எழுந்து நடமாடினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. மெத்தையை மாற்றாமல் மேலே ஒரு லேட்டக்ஸ் டாப்பர் (ரப்பர் நுரையில் செய்த மெல்லிய மேல்மெத்தை) போடலாமா? 2 அங்குலமா, 4 அங்குலமா? மென்மையானதா, கெட்டியானதா? கணவர் 90 கிலோ, மல்லாந்து படுப்பவர். அவருக்கும் ஒத்துவருமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். விரிப்பை எடுத்துவிட்டு மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நீங்கள் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு அங்குலத்துக்கு மேல் பள்ளம் தெரிந்தால் டாப்பர் வாங்குவதை விட்டுவிடுங்கள். லேட்டக்ஸ் வளைந்து கொடுக்கும் பொருள். அடியில் பள்ளம் இருந்தால் அதுவும் பள்ளத்தின் வடிவத்துக்கே இறங்கிவிடும், உங்கள் இடுப்பும் கூடவே இறங்கும். டாப்பர் மேற்பரப்பின் மென்மையை மாற்றும். உடலைத் தாங்குவது எப்போதும் அடி மெத்தையின் வேலைதான். தொய்ந்த மெத்தைமேல் நல்ல விலை கொடுத்து டாப்பர் போட்டுவிட்டு, வலி போகவில்லையே என்று வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மெத்தை சமமாக இருக்கிறது, வெறுமனே கெட்டி என்றால் உங்கள் யோசனை சரியானது. நீங்கள் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால், பிடரியிலிருந்து வால் எலும்பு வரை முதுகுத்தண்டு ஏறக்குறைய நேர்கோட்டில் இருக்க வேண்டும். கெட்டி மெத்தையில் தோளும் இடுப்பும் அமுங்க இடமில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடை தாங்கலின்றி நிற்கிறது, தண்டு பக்கவாட்டில் வளைகிறது. மிக மென்மையான மெத்தையிலும் கேடு உண்டு. உடலில் கனமான பகுதி இடுப்பு என்பதால் அது மட்டும் ஆழமாகப் புதைந்து, அப்போதும் தண்டு வளையும். காலையில் இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும். அதனால்தான் வலியை மட்டும் வைத்து மெத்தை கெட்டியா, மென்மையா என்று முடிவு செய்ய முடிவதில்லை.

முதுகு வலிக்குக் கெட்டிப் படுக்கைதான் மருந்து என்ற நம்பிக்கை பலருக்கு இன்னும் உண்டு. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயினிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரில் பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தையும், மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் அன்றாட முடக்கமும் அதிகம் குறைந்தன. ஆகவே பெட்டிமேல் 'ஆர்த்தோ' என்று அச்சிட்டிருப்பதற்காக ஒன்றை எடுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கென்று எல்லோரும் ஏற்ற அளவுகோல் எதுவும் இல்லை.

இனி தடிமன். உங்களுக்கு நான் சொல்வது 3 அங்குலம். மல்லாந்து படுப்பவருக்கு 2 அங்குலம் போதும். ஒருக்களிக்கும்போது உங்கள் எடையெல்லாம் தோள், இடுப்பு என்ற இரண்டு சிறு இடங்களில் குவிவதால், 2 அங்குலம் முழுக்க அமுங்கி அடி மெத்தை தட்டுப்படும். 4 அங்குலம் போனால் உங்களைத் தாங்குவது டாப்பர்தான் என்றாகிவிடும். உங்கள் எடைக்கு அது தேவையில்லை, கணவருக்கோ தொல்லை.

மென்மையை ஐ.எல்.டி. என்ற எண்ணால் குறிப்பார்கள். 50 சதுர அங்குலத் தட்டு ஒன்றால் ஃபோமை அதன் உயரத்தில் கால் பங்கு அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அந்த எண். ஏறக்குறைய 20-க்குக் கீழே மென்மை, 20 முதல் 28 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கெட்டி. உங்களுக்கு 19 முதல் 24 வரை பார்க்கலாம். சோதிக்கும் முறை ஆளாளுக்குச் சற்று மாறும். அதனால் ஒரே நிறுவனத்தின் பொருள்களுக்குள் ஒப்பிட இந்த எண் உதவும், வேறு வேறு நிறுவனங்களுக்கு நடுவே அவ்வளவு நம்ப வேண்டாம்.

விற்பவர் டன்லப், டலாலே என்று இரண்டு பெயர் சொல்வார். இரண்டும் தயாரிப்பு முறைகள். டன்லப் முறையில் நுரைத்த ரப்பர் பாலை அச்சில் ஊற்றி நேரடியாக வேகவைக்கிறார்கள். கொஞ்சம் அடர்த்தியாக, கெட்டியாக வரும். டலாலே முறையில் அச்சைப் பாதி நிரப்பி, வெற்றிடத்தால் விரியவைத்து, உறையவைத்து, அப்புறம்தான் சூடேற்றுகிறார்கள். அது சீராகவும் லேசாகவும் இருக்கும். தோள் வலிக்கு டலாலே இதமாக இருப்பதாகப் பலர் உணர்கிறார்கள். ஆனால் விலை கூடுதல். குறைந்த ஐ.எல்.டி. உள்ள டன்லப் கிடைத்தால் உங்களுக்கு அதுவே போதும்.

இயற்கை ரப்பரா, செயற்கைக் கலப்பா என்பது முதுகுத்தண்டு நேராக இருப்பதைப் பெரிதாக மாற்றாது. ஆயுளையும் நீங்கள் கொடுக்கும் பணத்துக்கான மதிப்பையும்தான் மாற்றும். ஓயெக்கோ-டெக்ஸ் முத்திரை இருந்தால் தீங்கான ரசாயனங்களுக்குச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள், அது இயற்கை ரப்பர் என்பதற்குச் சான்று ஆகாது. ஜி.ஓ.எல்.எஸ். முத்திரை இயற்கை விவசாய முறையில் விளைந்த ரப்பருக்கானது. அடர்த்தியை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நீள அகல உயரங்களை மீட்டரில் பெருக்கி, வரும் எண்ணால் டாப்பரின் எடையை வகுத்தால் போதும். இரண்டு பேர் படுக்கும் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகல டாப்பர் 7.5 செ.மீ. தடிமனில், கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியில் சுமார் 18 கிலோ இருக்க வேண்டும். டன்லப் முறையில் செய்த முழு இயற்கை ரப்பர் என்று சொல்லி 9 கிலோதான் காட்டினால் கேள்வி கேளுங்கள். லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

உறையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இழுபடாத தடித்த உறையோ இறுகிய விரிப்போ மேலே வந்தால் லேட்டக்ஸ் அமுங்கிக் கொடுக்காது. பின்னல் துணி மாதிரி இழுபடும் உறை வாங்குங்கள். தலையணையும் மாறியாக வேண்டும். தோள் உள்ளே இறங்கியதும் காதுக்கும் படுக்கைக்கும் உள்ள இடைவெளி குறையும். பழைய தலையணை அதிக உயரமாகிக் கழுத்து வலிக்கத் தொடங்கும், பழி டாப்பர்மேல் விழும்.

கணவரைப் பற்றிக் கேட்டீர்கள். அடி மெத்தை கெட்டியாக இருப்பதால் 3 அங்குலத்தில் அவருக்குப் பெரிய சிக்கல் வராது என்றே நினைக்கிறேன். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது கீழ்முதுகுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. கை தாராளமாகப் போய்வந்தால் அவருக்குப் படுக்கை கெட்டி. நுழையவே இல்லையென்றால் இடுப்பு புதைகிறது. அப்போது ஆளுக்கொரு தனித் துண்டாக, அவர் பக்கம் கெட்டியாக வாங்குவது நல்லது.

பணம் போடுமுன் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். கனத்த போர்வைகளை மடித்து, தலை முதல் கால் வரை சமமாக விரித்து நாலைந்து இரவு படுங்கள். தோள் வலி குறைந்தால் டாப்பர் உதவும் வாய்ப்பு அதிகம். கொஞ்சமும் மாற்றம் இல்லையென்றால் காரணம் படுக்கைக்கு வெளியே இருக்கலாம். காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடிப்பது, பின்னிரவில் வலியால் விழிப்பது, வலி காலுக்கு இறங்குவது, மரத்துப்போவது போன்றவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே போக வேண்டும்.

வாங்கிய பிறகு உடல் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் குறைந்தது ஒரு மாதமாவது திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் இடத்தில் வாங்குங்கள். புதிதில் ரப்பர் வாடை வரும். நிழலில் காற்றாட விரித்து வைத்தால் சில நாளில் போய்விடும். வெயிலில் மட்டும் போடாதீர்கள், புற ஊதாக் கதிர் பட்டால் லேட்டக்ஸ் காய்ந்து உதிரத் தொடங்கிவிடும்.