பழைய ஷ்வின் சைக்கிளை ‘ராட்’ பாணியில் எப்படி உருவாக்கிப் படமெடுப்பது?

துருவை முழுவதுமாகச் சுரண்டிவிடாதீர்கள்! பழமையை மறைக்காமல் காட்டும் ராட் (rat rod) பாணியின் உயிரே தேய்ந்த பெயின்டும் துருவும்தான். உதிர்வதை மட்டும் நுண்ணிய எஃகுப் பஞ்சால் தேய்த்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) மெல்லியதாகப் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம், விரித்து உலர்த்துங்கள்.

அமெரிக்க சைக்கிள் நிறுவனமான ஷ்வின் 1933இல் கொண்டுவந்த பலூன் டயருக்கான (தடித்த, அகலமான டயர்) ரிம்மின் விட்டம் 559 மி.மீ.; பின்னாளில் வந்த ‘எஸ்-7’ என்ற ஷ்வின் ரிம் 571 மி.மீ. இரண்டுமே ‘26 அங்குலம்’ என்றுதான் விற்பனைக்கு வரும். ரிம்மில் பொறித்திருப்பதைப் படிக்காமல் டயர் வாங்க வேண்டாம். தோற்றம் எவ்வளவு கரடுமுரடானாலும் பேரிங்கும் பிரேக்கும் புதியவைபோல இயங்கியாக வேண்டும். இதில் சமரசமே கூடாது.

படமெடுக்க மேகமூட்டமான பகலே சிறந்தது. கடும் வெயிலில் குரோமியம் கண்ணைப் பறித்து, துருவின் நிறத்தை வெளிறச் செய்துவிடும். செயின் இருக்கும் பக்கத்தைக் காட்டி, கேமராவைச் சக்கர அச்சின் உயரத்துக்கு இறக்கி, தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.