காலையில் மட்டும் மக்கர் பண்ணும் பவுடர் பிரேக்

குன்னூரில் டீ பாக்கெட் போடும் மெஷினில் காலையில் மட்டும் ஃபிலிம் வெடுக் வெடுக்கென்று இழுபடுகிறது, மதியம் சரியாகிறது என்கிறீர்கள். பவுடர் பிரேக்கின் காயிலை (மின்கம்பிச் சுருளை) மாற்ற அவசரப்படாதீர்கள், அது வீண் செலவு.

ஃபிலிம் ரோல் தளர்ந்து ஓடாமல் பிடித்து, இழுவையைச் சீராக வைப்பதுதான் பவுடர் பிரேக். அதற்குள் இருப்பது நுண்ணிய இரும்புத்தூள். காயிலில் கரண்ட் பாய்ந்தால் தூள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு ரோட்டரை, அதாவது சுழலும் பாகத்தைப் பிடிக்கும். கரண்ட் கூடக்கூடப் பிடி இறுகும். இரவெல்லாம் நின்றால் தூள் அடியில் படிந்துவிடும். நம்ம ஊர்ப் பனிமூட்டத்தின் ஈரமும் சேர்ந்தால் கட்டிதட்டும், வீட்டு உப்பு ஜாடி மாதிரி.

தினமும் வேலைக்கு முன் வேஸ்ட் ஃபிலிமை மாட்டி, கரண்டைக் குறைத்து, 5–10 நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். அப்புறமும் குதித்தால் பிரித்துப் பாருங்கள். தூள் துரு நிறத்தில் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். உள்ளே எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்!