மாலத்தீவுக்குப் போகும் டீச்சருக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இப்போது மாலத்தீவில், தலைநகர் மாலேயிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும் ஒரு தீவுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை வந்திருக்கிறது. அம்மா வேண்டாம் என்கிறார். நாங்கள் சைவம், அங்கே கோயிலும் கிடையாதாமே? என் இங்கிலீஷில் தமிழும் மலையாளமும் அடிக்கும், பிள்ளைகள் சிரித்தால் என்ன செய்வது என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஏஜென்ட் வேறு பெரிய தொகை கேட்கிறார். நீங்கள் அங்கே வேலை பார்த்தவர் என்று படித்தேன். போகலாமா? போனால் எது அதிர்ச்சியாக இருக்கும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். அம்மாவையும் ஏஜென்டையும் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கடல் சீக்கிரம் பழகிவிடும். தீவு எவ்வளவு சின்னது என்பதுதான் முதலில் உறைக்கும். மாலத்தீவில் சுமார் 1,190 தீவுகள் இருக்கின்றன, அவற்றில் ஜனங்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. அவற்றிலும் பலவற்றை அரை மணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். தெற்கே பார்த்தால் மலை தெரியும் ஊரில் வளர்ந்த நமக்கு, கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள மண்ணில் நிற்கும்போது கண் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். நீங்கள் எங்கே போனீர்கள், என்ன வாங்கினீர்கள், யாரோடு பேசினீர்கள் என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இதை வேவு என்று நினைக்காதீர்கள். காய்ச்சலாகப் படுத்திருந்தால் கஞ்சி வருவதும் அப்படித் தெரிந்துதான்.

வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. நோன்பு மாதத்தில் பகலில் பிறர் பார்க்கச் சாப்பிடக் கூடாது. கோயில் கிடையாது என்பது மட்டுமல்ல, வேறு மத வழிபாட்டை வெளியில் நடத்தவே அந்த நாட்டில் அனுமதி இல்லை, பூஜைக்கான சிலைகளை உள்ளே கொண்டுவரவும் தடை. எனக்கு இந்தச் சட்டம் பிடித்ததில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லிக் குமுறிக்கொண்டே அங்கே வருஷக்கணக்கில் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு வகுப்பும் அமையவில்லை, நிம்மதியும் இல்லை. உங்களால் முடியுமா என்று இங்கேயே யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சாப்பாடு உங்களுக்குக் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். எல்லாவற்றிலும் சூரை மீன் இருக்கும். காலையில் மஸ் ஹுனி என்று ஒன்று, தேங்காய்த் துருவலோடு சூரை, வெங்காயம், மிளகாய் எல்லாம் போட்டு எலுமிச்சை பிழிந்து பிசைந்து ரொட்டியோடு சாப்பிடுவார்கள். டீக்கடையில் போண்டா மாதிரி இருப்பதை எடுத்துக் கடித்தால் உள்ளேயும் சூரைதான். காய்கறி படகில் வர வேண்டும். நம் ஊரில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டுகிற அதே நாட்களில் அங்கே கடல் கொந்தளிக்கும், தக்காளியும் கேரட்டும் சமயத்துக்கு வந்து சேராது. பருப்பும் வெங்காயமும் கிடைக்கும், முருங்கைக்கீரை அவர்களே சாப்பிடுவதுதான், கேட்டால் பக்கத்து வீட்டில் ஒடித்துத் தருவார்கள். குக்கரும் புளியும் சாம்பார் பொடியும் கொண்டுபோங்கள்.

இனி இங்கிலீஷ். அவர்கள் தாய்மொழியான திவேஹி, இஸ்லாம் தவிர மற்றப் பாடமெல்லாம் அங்கே இங்கிலீஷில்தான். பிள்ளைகள் சிரிக்குமா என்றால், சிரிக்கும். அந்தப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேசும். அண்ணன் ஏதாவது ரிசார்ட்டில் வேலை பார்ப்பான், வீட்டில் யூடியூப் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதே பிள்ளையை ஒரு பத்தி எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் இது தலைகீழ், கிராமரை முழுசாக எழுதுவோம், வாயைத் திறக்கத்தான் வராது. அதனால் உச்சரிப்பை மாற்ற மெனக்கெடாதீர்கள். தெளிவாக, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும், சிரிப்பு தானாக அடங்கும். பேசுவதை எழுத்தாக்கச் சொல்லித்தருவதில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

எழுதவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பையனிடம், அப்பாவோடு சூரை பிடிக்கப் போவாயே, அதைச் சொல் என்றேன். எழுந்து நின்று கையைக் காலை ஆட்டிச் சொன்னான். உயிரோடு வைத்திருக்கும் சின்ன மீன்களைக் கடலில் வீசுவது, படகிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுவது, சூரைக்கூட்டம் மேலே வந்ததும் கம்பை வீசுவது, கொக்கியில் எதிர்முள் இல்லாததால் மீன் தளத்தில் விழும்போதே தானாகக் கழன்றுகொள்வது. அவன் சொல்லச் சொல்ல வினைச்சொற்களை மட்டும் போர்டில் வரிசையாக எழுதினேன். அந்த வரிசையை வைத்துக்கொண்டு அவனே ஒரு பக்கம் எழுதினான், வகுப்பே எழுதியது. பாடப்புத்தகத்தில் இருக்கும் ரயில் பயணத்தைக் கொடுத்திருந்தால் எழுதியிருக்காது. ரயிலே இல்லாத நாடு அது.

சின்ன வகுப்பு கிடைத்தால் நோட்டைத் திறந்து பாருங்கள். சில பிள்ளைகள் பின் அட்டையிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கும். திவேஹியின் தானா எழுத்தும் வலமிருந்து இடம், குர்ஆனின் அரபியும் வலமிருந்து இடம், இங்கிலீஷ் மட்டும் எதிர்த்திசை. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிக்கிற டீச்சர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வரும். நீங்கள் முதல் டெர்மிலேயே தானாவைப் படித்துவிடுங்கள். அடிப்படை எழுத்து 24தான், உயிருக்கு மேலேயும் கீழேயும் குறி போடுவார்கள், முதல் ஒன்பது எழுத்தும் அரபி எண்களிலிருந்து வந்தவை. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம் என்று வளர்ந்த சித்தூர் தாலுகாக்காரிக்கு இது ஒரு பெரிய விஷயமா? டீச்சர் தங்கள் எழுத்தைத் தடவித் தடவிப் படிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் தப்பாகப் படிக்கப் பயப்படாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். பள்ளியில் திருவனந்தபுரம், கொல்லம், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து டீச்சர்கள் இருப்பார்கள். ஒன்றாகச் சமைப்பார்கள், ஒன்றாக லீவு நாளை எண்ணுவார்கள், தீவுக்காரர்களைப் பற்றி ஒன்றாகக் குறை பேசுவார்கள். அந்த அறைக்குள்ளேயே இருந்தால் அதிர்ச்சி தீரவே தீராது. நமக்கு அங்கே முழு இடமும் கிடைக்காது, மலையாளிகளுக்கு நீங்கள் தமிழ், தமிழர்களுக்குப் பாலக்காட்டுக்காரி. தீவுக்காரர்களுக்கோ நீங்கள் இந்தியாக்காரி, ஆகவே ஹிந்தி பேசுவீர்கள். படம் பார்த்தே ஹிந்தி கற்றவர்கள் அவர்கள், கடையில் ஹிந்தியில் விலை சொன்னால் திகைக்காதீர்கள். அப்புறம், வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் வந்துபோன குடும்பங்கள் நிறைய, அங்கே எந்தத் தெருவில் தங்கினோம் என்று உங்களுக்கே விவரம் சொல்வார்கள்.

சாயங்காலம் வெளியே போங்கள். இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய ஜோலி என்கிற இருக்கைகளை மரத்தடியில் போட்டிருப்பார்கள், போய் உட்காருங்கள். பெண்கள் பாஷி ஆடுவார்கள். டென்னிஸ் மட்டையால் பந்தைத் தலைக்குப் பின்னால் அடிக்க, எதிர் அணி வெறும் கையால் பிடிக்க வேண்டும். கூப்பிட்டால் இறங்கி ஆடுங்கள்.

இன்னொன்று. விவாகரத்தும் மறுமணமும் அங்கே சகஜம், உலகிலேயே விவாகரத்து அதிகமான நாடுகளில் அது ஒன்று. ‘என் குடும்பம்’ என்று கட்டுரை கொடுத்தபோது ஒரு சிறுமி, தனக்கு இரண்டு வீடு, இரண்டிலும் தம்பி இருக்கிறான், ஒரு தம்பி குறட்டை விடுவான் என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு விஷயம். ஸ்டாஃப் ரூமில் அதைப் படித்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். பாவம் என்று முகத்தில்கூடக் காட்டாதீர்கள் தங்கை, அந்தப் பிள்ளைகள் டீச்சரின் முகத்தை நன்றாகப் படிக்கும். கை நீட்டுவதும் கூடவே கூடாது. நம் நாட்டிலும் 2009 கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்திருக்கிறது, ஆனாலும் பிரம்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அங்கே அடி விழுந்தால் பெற்றோர் அன்றைக்கே பள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். அதன் பிறகு தீவுக்குப் போகும் பயணத்தைத்தான் விசாரிக்க வேண்டும், உள்நாட்டு விமானமா, ஸ்பீட் போட்டா, டிக்கெட் செலவு யாருடையது என்று.

பணம். சம்பளம் அந்த நாட்டுப் பணமான ருஃபியாவில் வரும். டாலர் தட்டுப்பாடு இருப்பதால் வங்கி வழியாக மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைப்பார்கள், வெளியே டாலர் விலை வங்கி விலையைவிட அதிகம். அதனால் சம்பளத்தை இந்திய ரூபாயில் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்படாமல், இப்போது மாதம் எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று அங்கே வேலை பார்க்கிற ஒரு டீச்சரிடம் கேளுங்கள். ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டு வாடகை, விடுமுறை டிக்கெட், மருத்துவச் செலவு மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அதை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா